அந்தப் படிவத்தில் என்னதான் எழுதியிருக்கிறது?

ஆய்விதழிலிருந்து ‘கட்டுரை ஏற்கப்பட்டது’ என்ற மின்னஞ்சல் வந்து சேர்ந்த சில நாட்களில் இன்னொரு மின்னஞ்சல் வரும். அதிலுள்ள இணைப்பைத் திறந்தால், பதிப்புரிமையை ஒப்படைக்கும் படிவம் ஒன்று பக்கம் பக்கமாக விரியும். அதன் அடியில் ‘படித்து ஒப்புக்கொள்கிறேன்’ என்று ஒரு கட்டமும், அதற்குக் கீழே ஒரு பொத்தானும் இருக்கும். எங்கள் துறையில் ஆய்வு மாணவர்கள் இந்தப் படிவத்தைக் கையாளும் விதத்தைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். கட்டுரையின் ஒவ்வொரு வரைபடத்துக்கும் மாதக்கணக்கில் மெனக்கெட்டவர்கள், மதிப்பீட்டாளர் எழுப்பிய ஒவ்வொரு ஐயத்துக்கும் வரிக்கு வரி பதில் எழுதியவர்கள், இந்தப் படிவத்தை மட்டும் ரயில் டிக்கெட் முன்பதிவுத் தளத்தின் நிபந்தனைகளைத் தாண்டுவதுபோலத் தாண்டிவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. கட்டுரை அச்சேறினால்தான் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கலாம் என்று காத்திருப்பவரிடம் ‘முதலில் படி, பிறகு அழுத்து’ என்று சொல்வது சொல்பவருக்கு எளிது. ஆனாலும், அந்தக் கட்டுரைக்கு இனி யார் உரிமையாளர் என்பதைத் தீர்மானிப்பது அந்தப் படிவம்தான் என்பதால், ஆய்வுத் துறைக்கு வந்தவர்கள் அதை வாழ்நாளில் ஒருமுறையாவது வரிவரியாகப் படித்துவிட வேண்டும் என்பது என் கட்சி. இந்தப் பதிவில் அதைத்தான் செய்யப்போகிறேன்.

முதலில் சட்டம். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957, தன் 17ஆம் பிரிவில், ஒரு படைப்பின் முதல் உரிமையாளர் அதை எழுதியவரே என்கிறது. இதற்குப் பதிவு எதுவும் தேவையில்லை. கட்டுரை எழுத்து வடிவம் பெற்ற நேரத்திலேயே உரிமை பிறந்துவிடுகிறது. நால்வர் சேர்ந்து எழுதினால் நால்வருக்கும் அது கூட்டுச் சொத்து. சம்பளத்துக்குப் பணிபுரிபவர் அந்தப் பணியின் பகுதியாக எழுதியது வேலை கொடுத்தவருக்கே சொந்தம் என்ற விலக்கும் இதே பிரிவில் உண்டு; கல்லூரி ஆசிரியரின் ஆய்வுக் கட்டுரை அந்த விலக்குக்குள் வருமா என்று வழக்கறிஞர்கள் வாதாடிக்கொண்டே இருக்கலாம். நடைமுறையில் நம் பல்கலைக்கழகங்களின் கண் கண்டுபிடிப்புகளுக்கான காப்புரிமை மீதுதான் இருக்கிறதே தவிர, கட்டுரைகள் மீது அவை பொதுவாக உரிமை கொண்டாடுவதில்லை. ஆகவே அந்தப் பொத்தானை அழுத்தும் வரை கட்டுரை எழுதியவர்களுடையது. ஆய்விதழுக்கு அனுப்பியதாலோ, சக ஆய்வாளர்கள் மதிப்பிட்டதாலோ, பதிப்பகம் பக்கம் அமைத்துக் கொடுத்ததாலோ உரிமை கைமாறுவதில்லை. ஒப்படைப்பு எழுத்தில் இருக்கவேண்டும், ஒப்படைப்பவர் கையொப்பமிட்டிருக்கவேண்டும் என்று 19ஆம் பிரிவு தெளிவாகவே சொல்கிறது.

இப்போது படிவம். பெரிய பதிப்பகங்களின் படிவங்கள் சொல்லளவில் வேறுபட்டாலும், உள்ளடக்கத்தில் ஏறக்குறைய ஒரே அச்சில் வார்த்தவைதான். முதல் பத்தியில், கட்டுரையின் பதிப்புரிமையை உலகம் முழுவதற்கும், பதிப்புரிமை நீடிக்கும் காலம் முழுவதற்கும், எல்லா மொழிகளிலும், இன்று வழக்கிலுள்ள ஊடகங்களிலும் இனி உருவாகப்போகும் ஊடகங்களிலும் பயன்படுத்திக்கொள்ளும்படி பதிப்பகத்துக்கு ஒப்படைப்பதாக எழுதியிருக்கும். இந்த அடுக்கு வெறும் வழக்கறிஞர் நடை என்று நெடுநாள் நினைத்திருந்தவர்கள் எங்கள் துறையிலேயே உண்டு. இந்தியச் சட்டத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தால், ஒவ்வொரு தொடரும் எதற்காக அங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது புரியும். ஒப்படைப்புக்குக் காலவரம்பு குறிப்பிடாவிட்டால் அது ஐந்து ஆண்டுகளுக்கு மட்டுமே செல்லும் என்கிறது 19ஆம் பிரிவின் 5ஆம் உட்பிரிவு. நில எல்லையைக் குறிப்பிடாவிட்டால் அது இந்தியாவுக்குள் மட்டுமே செல்லும் என்கிறது 6ஆம் உட்பிரிவு. ஒப்படைப்புச் செய்த நாளில் இல்லாத, அல்லது வணிகப் பயன்பாட்டுக்கு வராத ஊடகத்துக்கு, அந்த ஊடகத்தை வெளிப்படையாகக் குறிப்பிட்டிருந்தாலன்றி ஒப்படைப்புப் பொருந்தாது என்று 2012ஆம் ஆண்டுத் திருத்தம் 18ஆம் பிரிவில் ஒரு வரம்பைச் சேர்த்தது. எழுதியவருக்குச் சாதகமாகச் சட்டம் திறந்துவைத்த ஒவ்வொரு கதவையும் படிவத்தின் முதல் பத்தி வரிசையாகச் சாத்திக்கொண்டே போகிறது. இனி வரும் ஊடகங்கள் என்று பொதுப்படையாக எழுதிவிட்டால் அது ‘வெளிப்படையாகக் குறிப்பிட்டது’ ஆகுமா என்பது வாதத்துக்குரியது என்றே நினைக்கிறேன். ஆனால் அந்த வாதத்தை இந்திய நீதிமன்றத்தில் வைக்க வாய்ப்புக் கிடைக்குமா என்பதும் ஐயம்தான். ஏனெனில், படிவத்தின் கடைசிப் பக்கத்தில் ‘இந்த ஒப்பந்தம் இன்ன நாட்டுச் சட்டத்துக்கு உட்பட்டது’ என்று ஒரு வரி இருக்கும். அது இங்கிலாந்தாகவோ நெதர்லாந்தாகவோ நியூயார்க் மாநிலமாகவோ இருப்பதே வழக்கம்.

‘பதிப்புரிமை நீடிக்கும் காலம் முழுவதும்’ என்பது எவ்வளவு நீளம் என்று மாணவர்களிடம் கணக்குப் போடச் சொல்வதுண்டு. இந்தியாவில் அது எழுதியவரின் ஆயுட்காலமும் அதற்குப் பின் 60 ஆண்டுகளும். கூட்டாக எழுதியிருந்தால், கடைசியாக இறப்பவரின் மறைவிலிருந்து கணக்கு. 27 வயதில் கையெழுத்திடும் மாணவி 80 வயது வரை வாழ்ந்தால், அந்தக் கட்டுரை நூறு ஆண்டுகளுக்கு மேல் பதிப்பகத்தின் சொத்து. வணிகரீதியாக ஓர் ஆய்வுக் கட்டுரைக்கு இருக்கும் ஆயுளோ சில ஆண்டுகள்.

‘எல்லா மொழிகளிலும்’ என்ற இரண்டு சொற்கள்தான் தமிழில் எழுத விரும்பும் ஆய்வாளரை நேரடியாகத் தொடுபவை. பதிப்புரிமை என்பது ஒரே உரிமை அன்று. படியெடுப்பது, பொதுமக்களுக்கு வழங்குவது, தழுவுவது, மொழிபெயர்ப்பது என்று 14ஆம் பிரிவு அடுக்கும் உரிமைகளின் தொகுப்பு. மொத்தத்தையும் ஒப்படைத்தவர், காவிரிப் படுகையின் நிலத்தடி நீரைப் பற்றித் தாமே ஆங்கிலத்தில் எழுதிய கட்டுரையைத் தாமே தமிழில் மொழிபெயர்த்து ஓர் அறிவியல் இதழில் வெளியிட நினைத்தால், சட்டப்படி ஒரு வெளிநாட்டு நிறுவனத்தின் அனுமதியைக் கேட்கவேண்டும். கேட்டால் பெரும்பாலும் கிடைத்துவிடும் என்பதும் உண்மை. ஆனால் கேட்கவேண்டிய இடத்தில் நிற்பவர் அதை எழுதியவர். இதில் ஓர் ஆறுதல் உண்டு. பதிப்புரிமை, கருத்தையும் தரவையும் முடிவையும் பிடித்துவைப்பதில்லை. அவற்றைச் சொல்லியிருக்கும் வடிவத்தை மட்டுமே காக்கிறது என்பதை உச்ச நீதிமன்றம் 1978ஆம் ஆண்டிலேயே ஆர். ஜி. ஆனந்த் வழக்கில் நிலைநாட்டியிருக்கிறது. ஆகவே, அதே கண்டுபிடிப்பை வைத்துத் தமிழில் புதிதாக ஒரு கட்டுரை எழுத யாரிடமும் கைகட்டி நிற்கத் தேவையில்லை. வாக்கியத்துக்கு வாக்கியம் பெயர்ப்பதற்கும், பழைய கட்டுரையின் படங்களை அப்படியே எடுத்துப் போடுவதற்கும்தான் அனுமதி வேண்டும்.

படிவத்தின் நடுப்பகுதியில் உறுதிமொழிகள் வரும்: கட்டுரை சொந்தமாக எழுதியது, யாருடைய உரிமையையும் மீறாதது, அவதூறு இல்லாதது, கூட்டாசிரியர்கள் எல்லோரும் சம்மதித்தது. இதழோடு கடிதத் தொடர்பு வைத்திருக்கும் தொடர்பாசிரியர் ஒருவரே அனைவருக்காகவும் கையொப்பமிடுகிறார். நாளை வழக்கு வந்தால் இழப்பை ஈடுசெய்யும் பொறுப்பும் சில படிவங்களில் எழுதியவர் தலையிலேயே விழும். உரிமையாளர் ஒருவர், பொறுப்பாளி வேறொருவர் என்ற இந்த ஏற்பாடு நியாயமானதா என்று நான் கேட்டபோதெல்லாம், ‘எல்லோரும் இப்படித்தான் கையெழுத்திடுகிறார்கள்’ என்ற பதிலே கிடைத்திருக்கிறது.

அதற்கடுத்து ‘ஆசிரியருக்குரிய உரிமைகள்’ என்று ஒரு பட்டியல். வகுப்பில் பாடம் நடத்தப் பயன்படுத்தலாம், ஆய்வேட்டில் சேர்த்துக்கொள்ளலாம், கருத்தரங்கில் பேசலாம், சக ஆய்வாளருக்குத் தனிப்பட்ட முறையில் அனுப்பலாம், ஏற்கப்பட்ட பிரதியை, அதாவது மதிப்பீட்டுக்குப் பின் திருத்திய, பதிப்பகம் இன்னும் பக்கம் அமைக்காத பிரதியை, இத்தனை மாதம் கழித்து நிறுவனத்தின் இணையச் சேமிப்பகத்தில் வைக்கலாம். இந்தப் பட்டியல் தாராளமாகத் தோன்றும். இவை முதலில் எழுதியவரிடமே இருந்தவை. முதல் பத்தியில் மொத்தமாக வாங்கிக்கொண்டு, இங்கே சில்லறையாகத் திருப்பித் தருகிறார்கள். பேர் போடும் உரிமையும், படைப்பைச் சிதைத்து வெளியிட்டால் தட்டிக்கேட்கும் உரிமையும் மட்டும் இந்தியச் சட்டத்தின் 57ஆம் பிரிவின்படி, பதிப்புரிமையை ஒப்படைத்த பின்னும் எழுதியவரிடமே தங்குகின்றன.

இந்தப் படிவங்களில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி ஒன்று உண்டு. பெரும்பாலானவர்கள் தமக்குத் தொடர்பில்லாதது என்று அதைக் கடந்துபோய்விடுவார்கள். கையொப்பப் பகுதியில் ‘நான் அமெரிக்கக் கூட்டாட்சி அரசின் ஊழியர், இந்தக் கட்டுரையை என் அலுவல் கடமையின் பகுதியாக எழுதினேன்’ என்று ஒரு தனிக் கட்டம் இருக்கும். அமெரிக்கச் சட்டப்படி அத்தகைய கட்டுரைகளுக்கு அந்நாட்டில் பதிப்புரிமையே கிடையாது. ஒப்படைக்க எதுவும் இல்லாததால் அவர்களிடம் பதிப்பகம் எதையும் கேட்பதில்லை. கட்டுரை மட்டும் மற்ற கட்டுரைகளைப் போலவே மதிப்பிடப்பட்டு, பக்கம் அமைக்கப்பட்டு, அதே இதழில், அதே சந்தாவுக்கு விற்கப்படுகிறது. ‘பதிப்புரிமை எங்களிடம் இல்லாவிட்டால் வெளியிட இயலாது’ என்று ஓர் ஆய்விதழ் சொல்லுமானால், அந்த இதழின் படிவத்திலேயே இருக்கும் அந்தக் கட்டத்தைக் காட்டினால் போதும். வெளியிடுவதற்குத் தேவைப்படுவது வெளியிடும் அனுமதி. சொத்து முழுவதும் தேவையில்லை.

அப்படியானால் இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது? முதல் அறிவியல் ஆய்விதழான ‘பிலாசபிகல் டிரான்சாக்‌ஷன்ஸ்’ 1665இல் லண்டனில் தொடங்கியது. எழுத்தாளருக்குப் பதிப்புரிமை என்ற ஒன்றை வழங்கிய ஆன் அரசியின் சட்டமோ 1710இல்தான் வந்தது. இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியிலும் ஆய்வாளர்கள் எந்தப் படிவமும் இல்லாமல்தான் கட்டுரை அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அமெரிக்காவில் 1976இல் நிறைவேறி 1978 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த பதிப்புரிமைச் சட்டம், உரிமை கைமாறுவதற்கு எழுத்து வடிவமும் கையொப்பமும் கட்டாயம் என்றது. அதுவரை சொல்லாமலேயே தம்மிடம் வந்துவிட்டதாகப் பதிப்பாளர்கள் கருதிக்கொண்டிருந்த உரிமைக்கு இப்போது தாள் தேவைப்பட்டது, படிவங்கள் பரவின. அதே 1978இல், நகலெடுப்புக்குக் கட்டணம் வசூலிக்கும் ‘காப்பிரைட் கிளியரன்ஸ் சென்டர்’ அமெரிக்காவில் தொடங்கப்பட்டது தற்செயல் அன்று. எழுதியவரைக் காக்கக் கொண்டுவந்த ஒரு விதி, எழுதியவரிடமிருந்து உரிமையை முறைப்படி எழுதி வாங்கும் பழக்கத்துக்குக் கால்கோள் ஆனது.

அந்தத் தாளின் பயன் என்ன என்பதைக் காட்டிய வழக்கு டெக்சாகோ வழக்கு. அந்த எண்ணெய் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் பணிபுரிந்த ஓர் ஆய்வாளர், வினையூக்கிகளைப் பற்றிய ஓர் இதழிலிருந்து எட்டுக் கட்டுரைகளைத் தம் கோப்பில் வைத்துக்கொள்வதற்காக நகலெடுத்திருந்தார். அது, அனுமதி கேட்காமலே செய்துகொள்ளச் சட்டம் இடம்கொடுக்கும் ‘நியாயமான பயன்பாடு’ ஆகாது என்று 1994இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வழக்குத் தொடுத்தவர்கள் பதிப்பாளர்கள். அந்த எட்டுக் கட்டுரைகளை எழுதியவர்களுக்குப் பதிப்பாளர் பணம் எதுவும் தருவதில்லை என்பது தீர்ப்பிலேயே பேசப்படுகிறது. டெல்லி உயர் நீதிமன்றத்தில் 2020 டிசம்பரில் எல்செவியர், வைலி, அமெரிக்க வேதியியல் சங்கம் ஆகிய பதிப்பாளர்கள், ஆய்வுக் கட்டுரைகளை அனுமதியின்றி இலவசமாகத் தரும் சை-ஹப் தளத்தின் மீது தொடுத்த வழக்கும் இதே அடித்தளத்தில் நிற்பதுதான். 2025 ஆகஸ்டில் அந்தத் தளத்தை இந்தியாவில் முடக்க நீதிமன்றம் உத்தரவிட்டது. சை-ஹப் செய்தது சரியா என்பது வேறு விவாதம். உரிமையாளர் என்ற தகுதியோடு அந்த நிறுவனங்கள் இந்திய நீதிமன்றத்தின் படியேற முடிந்ததற்கு, இந்திய ஆய்வாளர்கள் உட்பட உலகெங்கும் பல லட்சம் பேர் அழுத்திய அந்தப் பொத்தான்தான் காரணம் என்பதை மட்டும் இங்கே குறித்துவைக்கிறேன்.

‘இதெல்லாம் பழைய கதை, கட்டுரையை யாரும் இலவசமாகப் படிக்கும் ஓப்பன் ஆக்சஸ் முறை இப்போது வந்துவிட்டது, பதிப்புரிமை எழுதியவரிடமே இருக்கிறது’ என்று சொல்பவர்கள் உண்டு. பாதி உண்மை. கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற அமைப்பு வகுத்த ‘சிசி பை’ உரிமத்தோடு வெளியாகும் கட்டுரையில் அது முழு உண்மை. பெயரைக் குறிப்பிட்டு யார் வேண்டுமானாலும் மொழிபெயர்க்கலாம், மறுவெளியீடு செய்யலாம், எழுதியவரும்தான். ஆனால் ‘வணிகப் பயன்பாடு கூடாது’ என்ற வகை உரிமத்தைத் தேர்ந்தெடுக்கும் ஆய்வாளர், தம் கட்டுரையை யாரும் விற்றுவிடக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் அதைத் தேர்ந்தெடுக்கிறார். அதோடு கையெழுத்தாகும் ஒப்பந்தத்தைப் பிரித்துப் படித்தால், வணிக உரிமைகள் அனைத்தையும் பதிப்பகத்துக்கு மட்டுமே உரியதாகத் தனியுரிமமாக அவர் எழுதிக்கொடுத்திருப்பது பல இதழ்களில் தெரியவரும். முதல் பக்கத்தில் பதிப்புரிமைக் குறிக்குப் பக்கத்தில் ஆசிரியர்களின் பெயர் அழகாக அச்சாகியிருக்கும். விற்கும் உரிமை ஒரே ஒருவரிடம் இருக்கும், அவர் ஆசிரியர் அல்லர். வெளியீட்டுக் கட்டணமாக லட்சக்கணக்கில் ரூபாய் கட்டிய பிறகும் இதுதான் நிலை என்பது எனக்கு ஏற்கவே முடியாத விஷயம். படிவத்தில் ‘ஒப்படைப்பு’ என்றிருக்கிறதா, ‘உரிமம்’ என்றிருக்கிறதா என்று பார்ப்பதோடு நின்றுவிடக் கூடாது. உரிமம் என்றால் அது தனியுரிமமா, பிறருக்கும் கொடுக்கக்கூடிய பொது உரிமமா என்பதையும் பார்க்கவேண்டும். சட்டத்தின் கண்ணில் முழுமையான தனியுரிமத்துக்கும் ஒப்படைப்புக்கும் எழுதியவரைப் பொறுத்தவரை பெரிய வித்தியாசம் இல்லை.

விற்கும் உரிமை யாரிடம் என்ற கேள்வி ஏட்டளவில் இருந்துவந்த ஒன்று. 2024இல் அது தெருவுக்கு வந்தது. டெய்லர் அண்ட் பிரான்சிஸ் என்ற ஆய்விதழ்ப் பதிப்பகத்தின் தாய் நிறுவனமான இன்ஃபார்மா, தன் உள்ளடக்கத்தைச் செயற்கை நுண்ணறிவுக்குப் பயன்படுத்திக்கொள்ள மைக்ரோசாஃப்ட்டுக்கு அனுமதி கொடுத்ததையும், அதற்கு முதற்கட்டமாக ஒரு கோடி டாலருக்கு மேல் பெறுவதையும் அவ்வாண்டு மே மாதம் அறிவித்தது. வைலியும் அதே ஆண்டில் பெயர் வெளியிடாத ஒரு நிறுவனத்திடமிருந்து 2.3 கோடி டாலர் பெற்றதாகத் தன் முதலீட்டாளர்களிடம் சொன்னது. எழுதியவர்கள் பலர் இதைச் செய்திகளில் படித்துத்தான் தெரிந்துகொண்டார்கள். கொதித்தார்கள், படிவத்தை எடுத்துப் பார்த்தார்கள், ‘இனி உருவாகப்போகும் ஊடகங்களிலும்’ என்ற தொடர் அங்கே இருந்தது. ‘சிசி பை’ உரிமத்தில் வெளியிட்டிருந்தாலும் இந்தப் பயன்பாட்டைத் தடுத்திருக்க முடியாது என்று ஒருவர் சொன்னால் பெருமளவு ஒப்புக்கொள்வேன். அங்கே எல்லோருக்கும் இலவசமாகத் திறந்திருப்பது, இங்கே ஒருவர் மட்டும் விற்றுக் காசாக்குவதாக இருக்கிறது என்பதே வேறுபாடு.

தனி ஆளாக ஒரு மாணவர் இதை மாற்ற முடியாது என்பதை உணர்ந்து செய்யப்பட்ட ஏற்பாடுதான் ஹார்வர்டின் ஏற்பாடு. 2008 பிப்ரவரி 12ஆம் நாள் அங்குள்ள கலை அறிவியல் புலத்தின் ஆசிரியர்கள் ஒருமனதாக ஒரு தீர்மானம் நிறைவேற்றினார்கள்: இனி தாங்கள் எழுதும் ஒவ்வொரு ஆய்வுக் கட்டுரைக்கும், அதை வெளியிடுவதற்கான பொது உரிமம் ஒன்று முன்கூட்டியே பல்கலைக்கழகத்துக்குக் கொடுக்கப்பட்டதாகக் கொள்ளப்படும். இதன் நுட்பம் முழுவதும் ‘முன்கூட்டியே’ என்பதில் இருக்கிறது. ஆய்விதழின் படிவம் பிறகு வருகிறது. தன்னிடம் இல்லாததை யாரும் விற்க முடியாது என்பதால், ஏற்கெனவே பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்துவிட்ட உரிமத்துக்கு உட்பட்ட உரிமையைத்தான் பதிப்பகம் பெற முடிகிறது. அமெரிக்கச் சட்டம், எழுத்தில் கையொப்பமிட்டு முன்பே கொடுக்கப்பட்ட பொது உரிமம் பின்னால் வரும் ஒப்படைப்பை விட மேலோங்கும் என்று சொல்லியே வைத்திருக்கிறது. விரும்பாத ஆசிரியர், குறிப்பிட்ட கட்டுரைக்கு விலக்குக் கேட்டால் கேள்வியின்றிக் கொடுக்கப்படும். ஐரோப்பிய ஆய்வு நிதி அமைப்புகள் 2018இல் தொடங்கிய ‘பிளான் எஸ்’ திட்டம், 2020இல் இதே உத்தியை நிதி ஒப்பந்தத்தோடு இணைத்தது. கட்டுரையை அனுப்பும்போதே, ‘இதன் ஏற்கப்பட்ட பிரதிக்குச் சிசி பை உரிமம் பொருந்தும்’ என்று ஒரு வரி எழுதிச் சேர்த்துவிட வேண்டும். எடின்பரோ பல்கலைக்கழகம் 2022 முதல் ஹார்வர்டின் வழியைப் பின்பற்றுகிறது; பிரிட்டனில் மற்றப் பல்கலைக்கழகங்களும் தொடர்ந்தன.

இதைவிட நேரான வழி சட்டமியற்றுவது. 2014 ஜனவரி முதல் ஜெர்மனியின் பதிப்புரிமைச் சட்டத்தில் ஓர் உட்பிரிவு இருக்கிறது. ஆய்வுக்கான செலவில் குறைந்தது பாதி பொதுப்பணம் என்றால், ஆண்டுக்கு இருமுறையாவது வெளிவரும் இதழில் வந்த கட்டுரையின் ஏற்கப்பட்ட பிரதியை, வெளியாகி 12 மாதம் கழிந்ததும் வணிக நோக்கமின்றி எழுதியவர் இணையத்தில் வைக்கலாம். பதிப்பகத்தோடு இதற்கு மாறாக ஒப்பந்தம் போட்டிருந்தால் அந்த ஒப்பந்தம் செல்லாது. பிரான்ஸ் 2016இல், அறிவியல் துறைகளுக்கு 6 மாதம், மானுடப் புலங்களுக்கும் சமூக அறிவியல் துறைகளுக்கும் 12 மாதம் என்ற கணக்கில் இதேபோன்ற சட்டம் கொண்டுவந்தது. நெதர்லாந்து 2015இல் கொண்டுவந்தது.

நாம் என்ன செய்தோம்? மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறையும் அறிவியல் தொழில்நுட்பத் துறையும் 2014 டிசம்பரில், தங்கள் நிதியில் விளைந்த கட்டுரைகளின் ஏற்கப்பட்ட பிரதியைச் சேமிப்பகத்தில் வைக்கவேண்டும் என்று கொள்கை வகுத்தன. பதிப்புரிமைச் சட்டத்தில் கை வைக்கவில்லை. 2024 நவம்பரில் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது: 2025 முதல் மூன்று ஆண்டுகளுக்கு சுமார் 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், ஏறக்குறைய 13,000 ஆய்விதழ்கள். சிறிய ஊர்களிலுள்ள அரசுக் கல்லூரி மாணவருக்கு இது பெரும் வரப்பிரசாதம், மறுக்கமாட்டேன். ஆனால் அந்தப் பணத்தில் ஒரு பகுதி, நம் ஆய்வாளர்கள் நம் வரிப்பணத்தில் செய்து இலவசமாக எழுதிக்கொடுத்த கட்டுரைகளை நாமே திரும்பப் படிப்பதற்குப் போகிறது. அவ்வளவு பெரிய தொகையோடு பேச்சுவார்த்தை மேசையில் உட்காரும் அரசு, ஜெர்மனியின் உட்பிரிவு போன்ற ஒன்றைச் சட்டத்தில் சேர்த்துவிட்டு உட்கார்ந்திருந்தால் பேரம் வேறு மாதிரி நடந்திருக்கும் என்பது என் எண்ணம்.

தமிழ்நாட்டுக் கல்லூரிகளும் தனி ஆர்வலர்களும் நடத்தும் தமிழ் ஆய்விதழ்களையும், கருத்தரங்கக் கட்டுரைத் தொகுதிகளையும் பற்றி ஒரு வார்த்தை. இவற்றில் பலவற்றின் இரண்டாம் பக்கத்தில் ‘அனைத்து உரிமைகளும் பதிப்பாளருக்கே’ என்று அச்சிட்டிருப்பார்கள். எழுதியவரிடம் எந்தப் படிவத்திலும் கையொப்பம் வாங்கியிருக்கமாட்டார்கள். அப்படியானால் அந்த வரிக்குச் சட்டத்தில் ஒப்படைப்பு என்ற மதிப்பு இல்லை. 19ஆம் பிரிவு கேட்கும் எழுத்தும் கையொப்பமும் இல்லாதவரை, கட்டுரை எழுதியவருடையதாகவே இருக்கிறது. பழைய தொகுதிகளில் வந்த தம் கட்டுரைகளை நூலாகக் கொண்டுவரத் தயங்கும் மூத்த ஆய்வாளர்களுக்கு இதைச் சொல்லவேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன். அதே சமயம், நல்லெண்ணத்தோடு இதழ் நடத்துபவர்களுக்கும் இதில் ஒரு சிக்கல் உண்டு: கையில் எந்த எழுத்துபூர்வ அனுமதியும் இல்லாததால், அந்த இதழை மின்னாக்கம் செய்து இணையத்தில் ஏற்ற அவர்களுக்கே உறுதியான உரிமை இல்லை. ஒரு பக்கத்தில் எளிய தமிழில் ‘அச்சிலும் இணையத்திலும் வெளியிட அனுமதிக்கிறேன், மற்ற உரிமைகள் என்னிடமே இருக்கும்’ என்று எழுதி வாங்கினால் இரு தரப்புக்கும் நல்லது.

மாணவர்களுக்கு நான் சொல்வது மூன்று வேலைகள். கட்டுரையை அனுப்புவதற்கு முன்பே அந்த இதழின் பதிப்புரிமைக் கொள்கையைப் பார்த்துவிட வேண்டும். ஷெர்பா ரோமியோ என்ற பெயரில் நெடுங்காலம் அறியப்பட்ட தளத்தில் இதழின் பெயரைத் தேடினால், எந்தப் பிரதியை எங்கே எப்போது வைக்கலாம் என்பது தெரியும். மதிப்பீட்டுக்குப் பின் திருத்தி அனுப்பிய கடைசி வேர்டு கோப்பை அழிக்காமல் தனியே வைக்கவேண்டும். பதிப்பகத்தின் வடிவமைப்போ சின்னமோ இல்லாத அந்தப் பிரதிதான் பிற்காலத்தில் சேமிப்பகத்தில் ஏற்ற அனுமதிக்கப்படும் பிரதி. பதிப்பகத்தின் பிடிஎஃப்பைச் சமூக வலைத்தளங்களில் ஏற்றிவிட்டு நீக்கக் கடிதம் பெறுபவர்கள் பெரும்பாலும் அந்த வேர்டு கோப்பைத் தொலைத்தவர்கள்தான்.

மூன்றாவது, பதிப்பகத்துக்குக் கடிதம் எழுதுவது. எங்கள் மாணவி ஒருவர், படிவத்தில் கையொப்பமிடுவதற்கு முன், ‘பதிப்புரிமையை ஒப்படைப்பதற்குப் பதிலாக வெளியிடும் உரிமத்தை மட்டும் தர விரும்புகிறேன், தமிழில் மொழிபெயர்க்கும் உரிமை எங்களிடமே இருக்கவேண்டும்’ என்று இரண்டு வரி எழுதினார். கட்டுரையையே தள்ளிவிடுவார்களோ என்று கூட்டாசிரியர்களுக்கு உள்ளூர நடுக்கம். மறுநாள் பதில் வந்தது: விளக்கமோ வாதமோ எதுவும் இல்லாமல், ‘வெளியீட்டு உரிமம்’ என்ற தலைப்பில் வேறொரு படிவம் இணைக்கப்பட்டிருந்தது. அது புதிதாகத் தயாரித்ததும் அன்று. பதிப்பக முத்திரையோடு, படிவ எண்ணோடு, கேட்பவர்களுக்கென்று ஏற்கெனவே அச்சிட்டு வைத்திருந்த படிவம். மொழிபெயர்ப்பு உரிமைக்கு மட்டும் அதில் இடமில்லை. அதைக் கையால் எழுதிச் சேர்த்து, பக்கத்தில் சுருக்கொப்பமிட்டு அனுப்பினோம். அதையும் ஏற்றுக்கொண்டார்கள். இன்னொரு பதிப்பகத்தில் இதே கடிதத்துக்கு, இணையப் படிவத்தை மாற்ற வழியில்லை என்று பதில் வந்தது. அங்கே ஒப்படைத்துவிட்டு, முன்வரைவை மட்டும் பொதுத் தளத்தில் ஏற்றிவைத்தோம்.